திரை இறங்க எத்தனை நொடி? மோட்டார் புரொஜெக்டர் திரை வாங்குமுன் ஓர் ஒப்பீடு

வீட்டுக்குப் புரொஜெக்டர் வாங்கியவர்கள் அடுத்ததாகத் தடுமாறுகிற இடம் திரை. சுவரில் ஏற்கெனவே டிவி இருக்கும். அதற்கு முன்னால் இறங்கி, படம் முடிந்ததும் மேலே போய்விடுகிற மோட்டார் திரைதான் வேண்டும் என்பது வரை முடிவாகியிருக்கும். அப்புறம்தான் குழப்பம். "ஒன்று இறங்க நாற்பது நொடி ஆகிறது, இன்னொன்று இருபது நொடியில் இறங்கிவிடுகிறது. வேறொன்று சத்தமே இல்லை, ஆனால் இன்னும் மெதுவாம். எதை எடுப்பது?" என்று கேட்கிறார்கள்.

நியாயமான கேள்வி. விற்பவர்களில் பெரும்பாலானோர் திரையின் அகலம், துணியின் பிரகாசம், ரிமோட் பற்றியெல்லாம் சொல்வார்கள். வேகத்தைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. ஆனால் திரையின் வேகம் தனியாக வருவதில்லை. எவ்வளவு எடை தூக்கும், எவ்வளவு சத்தம் போடும், துணி எத்தனை நாள் சுருங்காமல் இருக்கும் எல்லாமே அதோடு பின்னியிருக்கிறது. அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

## முதலில் அளவுகோல்கள்

ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏற்றி இறக்கப் போகிறீர்கள்? மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். ராத்திரி ஒரு படம் பார்க்கிற வீட்டுக்கும், பாடம் நடத்திக்கொண்டே பின்னாலிருக்கும் பலகையில் எழுத வேண்டிய ட்யூஷன் சென்டருக்கும் ஒரே திரை சரிவராது.

அடுத்தது, திரை இறங்கும் நேரத்தில் வேறு எதற்காகவும் காத்திருக்கிறீர்களா? விளக்கு வைத்த புரொஜெக்டரை ஆன் செய்தால் படம் வர அரை நிமிடம் போல ஆகும். முழு வெளிச்சம் வர இன்னும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். உள்ளேயே ஆண்ட்ராய்டு இருக்கிற மாடல்களும் எழுந்து உட்கார நேரம் எடுத்துக்கொள்ளும். லேசர் புரொஜெக்டர்கள்தான் சீக்கிரம் தயாராகின்றன. இரண்டுக்கும் ஒன்றாகப் பட்டனை அழுத்தினால், திரையின் முப்பது நொடி புரொஜெக்டரின் முப்பது நொடிக்குள் மறைந்துவிடும். திரை நின்று, ஆட்டம் அடங்கும்போதுதான் படமே வரும்.

மூன்றாவது சத்தம். குழந்தை தூங்குகிற வீடா, மீட்டிங் நடக்கிற அறையா என்று பாருங்கள். நான்காவது திரையின் அளவும் துணியின் எடையும். கடைசியாக மின்சாரம்: மாலையில் வோல்டேஜ் இறங்குகிற இடமா, கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓட வேண்டுமா என்பது.

## வேகம் எங்கிருந்து வருகிறது

திரை சுற்றியிருக்கும் உருளைக்குள்ளேயே மோட்டார் ஒளிந்திருக்கிறது. இதை ட்யூபுலர் மோட்டார் என்பார்கள். ஷட்டருக்கும் வெயில் மறைப்புக்கும் போடுகிற அதே இனம். உள்ளே வேகமாகச் சுற்றுகிற சின்ன மோட்டார், அதன் வேகத்தைக் குறைக்கிற கியர், நின்ற இடத்தில் பிடித்துக்கொள்ள ஒரு பிரேக், மேலும் கீழும் நிற்க வேண்டிய இடத்தைக் காட்ட லிமிட் ஸ்விட்ச். நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்பது மோட்டாரின் தலைப்பக்கம் ஒட்டியிருக்கும் லேபிளில் இருக்கும். பலவற்றில் 10/17 என்பது போல இரண்டு எண்கள் போட்டிருப்பார்கள். முதல் எண் முறுக்குவிசை, அதாவது சுற்றித் தூக்குகிற பலம், நியூட்டன் மீட்டரில். இரண்டாவது எண் நிமிடத்துக்கான சுற்று.

இதைத் தெரிந்துகொண்டால் நொடியை நீங்களே கணக்குப் போடலாம். உருளை 50 மில்லிமீட்டர் விட்டம் என்று வைத்துக்கொள்வோம். மேலே துணி சுற்றியிருப்பதால் சராசரி 54 வரும்; ஒரு சுற்றுக்குச் சுமார் 17 சென்டிமீட்டர் துணி இறங்கும். படத்தின் உயரத்தோடு, மேலே வருகிற கறுப்புத் துணிக்கு ஒரு 30 சென்டிமீட்டர் சேர்த்துக்கொள்ளுங்கள்.

| திரை (16:9) | இறங்கும் நீளம் | 17 சுற்று மோட்டார் | 28 சுற்று மோட்டார் |
|---|---|---|---|
| 100 அங்குலம் | 155 செ.மீ. | 32 நொடி | 20 நொடி |
| 120 அங்குலம் | 180 செ.மீ. | 38 நொடி | 23 நொடி |
| 150 அங்குலம் | 217 செ.மீ. | 45 நொடி | 27 நொடி |

உங்கள் திரையின் உருளை மெல்லியதாக இருந்தால் நேரம் கூடும், தடித்திருந்தால் குறையும். இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள்: திரை இறங்கத் தொடங்கும்போது வேகமாகவும் முடியும்போது சற்று மெதுவாகவும் போகும். மோட்டார் பழுது என்று நினைத்துவிட வேண்டாம். துணி முழுக்கச் சுற்றியிருக்கும்போது உருளை பருமனாக இருக்கிறது. அவிழ அவிழ மெலிகிறது. பத்துச் சுற்றில் விட்டம் 58 மில்லிமீட்டரிலிருந்து 50க்கு வந்தால், வேகமும் அதே விகிதத்தில் குறையும்.

அப்படியென்றால் எல்லோரும் வேக மோட்டாரே போட்டுவிடலாமே? அங்கேதான் சிக்கல். மோட்டாரின் சக்தி என்பது விசையும் வேகமும் பெருக்கியது. 10 நியூட்டன் மீட்டரும் 17 சுற்றும் தருகிற மோட்டாரும், 6 நியூட்டன் மீட்டரும் 28 சுற்றும் தருகிற மோட்டாரும் ஏறக்குறைய ஒரே சக்திதான்: இரண்டும் 18 வாட்டுக்குப் பக்கம். கியரை மாற்றி வேகத்தைக் கூட்டினால் தூக்குகிற பலம் குறைகிறது. கனமான திரைகள் மெதுவாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

அமெரிக்காவிலிருந்து வருகிற வீடியோக்களைப் பார்த்து நொடி எண்ணுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. இந்த வகை ஏசி மோட்டார்கள், அதாவது வீட்டு மாறுமின்சாரத்தில் ஓடுபவை, ஹெர்ட்ஸைப் பின்பற்றியே சுற்றும். அங்கே 20 நொடியில் இறங்குகிற அதே வடிவமைப்பு இங்கே 24 நொடி எடுக்கும்.

## சாதாரண 230 வோல்ட் மோட்டார் திரை

கடையில் மோட்டார் திரை என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்து வைப்பது இதைத்தான். 120 அங்குலத்துக்கு முப்பதிலிருந்து நாற்பது நொடி. நேராக வீட்டு மின்சாரத்தில் ஓடும், அடாப்டர் கிடையாது, விலையும் அடக்கம். நின்ற இடத்தில் பிரேக் பிடித்துக்கொள்வதால், பாதியில் கரண்ட் போனாலும் திரை சரியாது, அப்படியே தொங்கும்.

இதன் மெதுவான வேகத்தில் ஒரு நன்மை இருக்கிறது. அகலமான சினிமாவுக்குத் திரையை முழுதும் இறக்காமல் நடுவிலேயே நிறுத்த நினைக்கிறீர்கள். ரிமோட்டில் விரல் போய்ச் சேர ஒரு நொடி தாமதமானால் இது 5 சென்டிமீட்டர் தள்ளிப்போகும். வேக மோட்டாரில் 8 சென்டிமீட்டர். நடுவில் நிறுத்தும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது தினமும் தெரிகிற வித்தியாசம்.

மறைந்திருக்கும் குறை சூடு. இந்த மோட்டார்கள் தொடர்ந்து 4 நிமிடம் ஓடத்தான் வடிவமைக்கப்பட்டவை. அதைத் தாண்டினால் உள்ளே இருக்கும் வெப்பப் பாதுகாப்பு மின்சாரத்தை நிறுத்திவிடும். ஆறிய பிறகு தானாக ஓடும். புதுத் திரையை மாட்டிய நாளில் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து ஏற்றி இறக்கிப் பார்ப்பார்கள். நான்காவது தடவை நின்றுவிடும். 'முதல் நாளே போச்சு' என்று திருப்பி அனுப்பியவர்களை எனக்குத் தெரியும். கால் மணி நேரம் விட்டுப் பார்த்திருக்கலாம்.

வோல்டேஜ் குறைகிற ஊரில் மோட்டார் தேர்வில் கஞ்சத்தனம் வேண்டாம். விசை வோல்டேஜின் வர்க்கத்தோடு இறங்கும். 230 இருக்க வேண்டிய இடத்தில் 180 வந்தால், மிஞ்சுவது கிட்டத்தட்ட 61 சதவீத விசை. திரையின் எடைக்கு மட்டும் கணக்காகப் போட்ட மோட்டார் அப்போது பாதி வழியில் முனகிக்கொண்டு நிற்கும். சதுர அலை இன்வெர்ட்டரில் ஓட்டினாலும் முனகலும் சூடும் கூடும்.

ராத்திரி ஒரு தடவை இறக்கி, தூங்கப் போகும்போது ஏற்றுகிற வீட்டுக்கு இதுவே போதும்.

## வேக மோட்டார் திரை

இருபதிலிருந்து முப்பது நொடிக்குள் இறங்குகிற திரைகள். வகுப்பறை, மீட்டிங் அறை, பேச்சுக்கு நடுவில் படத்தைக் காட்டிவிட்டு மறுபடி மறைக்க வேண்டிய மேடை ஆகிய இடங்களில் இவற்றுக்கு அர்த்தம் உண்டு. நாற்பது பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும்போது நாற்பது நொடி மௌனம் மிக நீளமானது. ஆசிரியருக்கு அது நன்றாகத் தெரியும்.

சூட்டுக் கணக்கும் இவற்றுக்குச் சாதகம். அதே 4 நிமிட வரம்பில், 32 நொடித் திரை மூன்று முறைதான் முழுதாக ஏறி இறங்கும். 20 நொடித் திரை ஆறு முறை போய்வரும்.

ஆனால் வேகமாக வந்து டக்கென்று நிற்கும்போது அடிப்பட்டை ஊசலாடும். 1.8 மீட்டர் தொங்கும் திரை ஒரு தடவை போய்வர இரண்டே முக்கால் நொடி பிடிக்கும். நாலைந்து ஆட்டம் ஆடி அடங்குவதற்குள் நீங்கள் மிச்சம் பிடித்த நேரம் போய்விடும். துணி சுற்றும்போது ஒரு பக்கமாக ஒதுங்குகிற கோளாறும் வேகத்தில் கூடுதலாகத் தெரியும். திரையை மட்டம் பார்த்து மாட்டாவிட்டால் ஓரம் பெட்டியில் உரசி நாளடைவில் பிசிறு விடும். வேகத் திரை வாங்கினால் மட்டப்பலகை வைத்துப் பார்க்கிற ஆளைக் கூப்பிடுங்கள். கண் மதிப்பில் மாட்டுபவர் வேண்டாம்.

ட்யூஷன் சென்டர் வைத்திருப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, திரையைப் பலகைக்கு முன்னால் போடாமல் பக்கத்தில் போட முடியாதா என்பதைத்தான். இடம் இருந்தால் காலையில் இறக்கி மாலையில் ஏற்றினால் போதும். வேக மோட்டாருக்குக் கூடுதல் காசே தேவையில்லை.

## சத்தம் குறைந்த டிசி மோட்டார் திரை

12 அல்லது 24 வோல்ட் நேர்மின்சாரத்தில் ஓடுபவை. மெதுவாகப் புறப்பட்டு மெதுவாக நிற்கும்படி அமைக்க முடியும். சில மாடல்களில் வேகத்தையே நாம் கூட்டிக் குறைக்கலாம். ஏசி மோட்டாரின் ஹம் சத்தமும், பிரேக் விழும் 'டக்'கும் இதில் இருக்காது. பேட்டரியில் ஓடக்கூடியவை கரண்ட் இல்லாதபோதும் திரையை ஏற்றிவிடும்.

மெதுவாகத்தான் இறங்கும், ஆனால் வீட்டு ஹாலில் இப்படி அமைதியாக இறங்குவதே அழகாக இருக்கிறது. எனக்குப் பிடித்ததும் இதுதான். நின்றதும் ஆட்டமே இல்லாததால், படத்தை உடனே தொடங்கலாம்.

கூடுதல் செலவு அடாப்டரும் அதற்கான இடமும். ஃபால்ஸ் சீலிங்குக்குள் அடாப்டரை வைத்து மூடிவிட்டால், அது போகிற நாளில் சீலிங்கைத் திறக்க வேண்டும். கை எட்டுகிற இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். எல்லை நிறுத்தமும் இதில் எலக்ட்ரானிக். ரிமோட் தொலைந்தால் மறுபடி அமைக்க விற்றவரைத்தான் தேட வேண்டியிருக்கும். அதே ஊரில் சர்வீஸ் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வாங்குங்கள்.

சத்தத்துக்காகவே இதை வாங்க நினைப்பவர்கள் ஒன்றை யோசித்துப் பாருங்கள். பல வீடுகளில் சத்தம் மோட்டாரிலிருந்து நேராக வருவதில்லை. தகரப் பெட்டியும், அதைத் திருகியிருக்கும் ஜிப்சம் பலகையும் சேர்ந்து தவில் மாதிரி அதிர்கின்றன. திருகுக்கும் பலகைக்கும் நடுவே ரப்பர் வாஷர் போட்டு, பெட்டியைக் காங்கிரீட்டில் பிடித்தாலே சாதாரண ஏசி மோட்டாரின் சத்தம் நன்றாகக் குறையும்.

## டேப் டென்ஷன் திரை

இதில் துணியின் இரண்டு ஓரத்திலும் பட்டிகள் வைத்து, அவற்றுக்குள் கயிறு ஓடவிட்டு, பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கிறார்கள். தொங்கும் துணி நாளடைவில் ஓரம் சுருண்டு, நடுவில் அலை விழும், இதில் விழாது. சுவரை ஒட்டி வைக்கிற அல்ட்ரா ஷார்ட் த்ரோ புரொஜெக்டராக இருந்தால் இதைத் தவிர்க்கவே முடியாது. ஒளி சாய்வாக வந்து விழுவதால், கண்ணுக்குத் தெரியாத சின்ன மேடுகூடப் படத்தில் வளைந்த கோடாகத் தெரியும்.

நம் வீடுகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு: சீலிங் ஃபேன். இழுத்துக் கட்டாத திரைக்கு முன்னால் ஃபேன் ஓடினால் படம் முழுக்க மூச்சு விடுவது போல அசையும். மே மாதத்தில் ஃபேனை நிறுத்திவிட்டுப் படம் பார்க்கச் சொன்னால் யார் பார்ப்பார்கள்? ஏசி அறையிலும் காற்று நேராகத் திரைமேல் விழுந்தால் இதே கதைதான்.

வேகம் என்று பார்த்தால் இது பின்தங்கும். அடிப்பட்டை கனம், துணி தடிமன், கயிற்றின் இழுவை வேறு. ஆகவே விசை கூடிய, சுற்றுக் குறைந்த மோட்டாரைப் போடுகிறார்கள். 120 அங்குலத்தில் நாற்பது நொடியைத் தாண்டினால் அதைக் குறையாக நினைக்காதீர்கள். டேப் டென்ஷன் திரையை 'சூப்பர் ஸ்பீடு' என்று விற்றால்தான் மோட்டார் லேபிளைப் பார்க்கக் கேட்க வேண்டும்.

விலை, நான் பார்த்தவரை, அதே அளவுள்ள சாதாரணத் திரையைப் போல இருமடங்குக்குப் பக்கத்திலோ அதற்கு மேலோ போகிறது. எடையும் கூடுவதால் மாட்டும் இடம் உறுதியாக இருக்க வேண்டும். காசு கொஞ்சம்தான் இருக்கிறது, வேகத்துக்கா இழுவைக்கா என்று கேட்டால், யோசிக்காமல் இழுவைக்குக் கொடுங்கள். இறங்கும் நாற்பது நொடியை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அசைகிற படத்தை இரண்டரை மணி நேரம் பார்த்தாக வேண்டும்.

## கையால் இழுக்கும் ஸ்பிரிங் திரை

நொடிக் கணக்கில் எல்லா மோட்டாரையும் இது தோற்கடிக்கும்: மூன்று, நான்கு நொடி. வயரிங் கிடையாது. மாதம் ஒருமுறை பார்ப்பவர்கள், வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதோடு நிற்கலாம். 100 அங்குலத்துக்கு மேல் போனால் ஸ்பிரிங் முரடாகும். நடுவில் பிடித்து இழுப்பதால் நாளடைவில் துணியில் V வடிவில் சுருக்கம் விழும். கையை விட்டால் படாரென்று மேலே போய் அடிக்கும், அதனால் சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் மெதுவாக ஏறும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

## ஃப்ரேம் திரையும், தரையிலிருந்து எழும் திரையும்

தனி அறையே இருக்கிறதென்றால் மோட்டார் எதற்கு? ஃப்ரேமில் இழுத்துக் கட்டி சுவரில் மாட்டிவிடலாம். காத்திருப்பு பூஜ்யம், பழுதாக எதுவும் இல்லை, படமும் எல்லாவற்றையும்விடத் தட்டை. தரையிலிருந்து எழும் திரை அல்ட்ரா ஷார்ட் த்ரோ புரொஜெக்டர் வைத்திருக்கும் வாடகை வீட்டுக்காரர்களுக்கு நல்ல வழி. கூரையில் ஓட்டை போட வேண்டாம். விலை அதிகம், பெட்டி தரையில் இடத்தை அடைக்கும்.

## விலைப்பட்டியலில் வராத செலவுகள்

வயரிங்கில் ஒரு விஷயத்தை எலக்ட்ரீஷியனிடம் சொல்லியே ஆக வேண்டும். ஏசி ட்யூபுலர் மோட்டாருக்கு நியூட்ரல், எர்த், ஏறுவதற்கு ஒன்று, இறங்குவதற்கு ஒன்று என நான்கு வயர். ஏற்றமும் இறக்கமும் ஒரே நேரத்தில் உயிர் பெறக் கூடாது; ஒன்று ஆனில் இருந்தால் மற்றொன்று ஆகாதபடி இருக்கும் ஸ்விட்சே வேண்டும். சாதாரண இரண்டு ஸ்விட்ச் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்மார்ட் ரிலே (செல்போனில் இயக்கும் ஸ்விட்ச்) போட்டாலும் இந்தப் பூட்டு அதில் இருக்க வேண்டும். இரண்டு திரைகளை ஒரே ஸ்விட்சில் இணையாகக் கொடுப்பதும் தவறு. ஒரு மோட்டாரின் கெபாசிட்டர் வழியாக மற்றதற்குத் திரும்பி மின்சாரம் பாயும்.

புரொஜெக்டரை ஆன் செய்தால் திரை தானாக இறங்க 12 வோல்ட் டிரிக்கர், அதாவது திரைக்குச் சைகை அனுப்பும் வயர் இணைப்பு, வேண்டும். திரையில் அந்த வசதி இருந்தால் மட்டும் போதாது, புரொஜெக்டரின் பின்புறமும் அந்தத் துளை இருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைந்த மாடல்கள் பலவற்றில் இருக்காது. இரண்டிலும் இருந்தால், வேகம் பற்றிய கவலையே உங்களுக்கு அநேகமாக முடிந்துவிட்டது.

லிமிட் ஸ்விட்சை அனுபவம் இல்லாமல் திருக வேண்டாம். ஒரு வீட்டில் படம் இன்னும் பத்து சென்டிமீட்டர் கீழே வந்தால் நன்றாக இருக்கும் என்று திருகைச் சுற்றிவிட்டார்கள். துணி முழுதும் அவிழ்ந்து, உருளை அதே திசையில் சுற்றிக்கொண்டே போக, திரை பின்பக்கமாகச் சுருட்டிக்கொண்டு மேலே ஏறியது. மடிப்பு விழுந்த துணி பிறகு சரியாகவே இல்லை. உருளையில் எப்போதும் சில சுற்றுத் துணி மிச்சம் இருக்க வேண்டும். இன்னும் கீழே வேண்டுமென்றால் பெட்டியையே இறக்கி மாட்டுங்கள்.

அப்புறம் பல்லி. பெட்டியின் அடியில் இருக்கும் இடுக்கு அதற்கு நல்ல வீடு. திரை ஏறும்போது துணியோடு சுருண்டு நசுங்கினால், கறை ஒரு சுற்றோடு நிற்காமல் அடுத்தடுத்த சுற்றுகளிலும் பதியும். வாரக்கணக்கில் திரையை ஏற்றியே வைத்திருந்தால், இறக்கிய பிறகு மறுபடி ஏற்றுமுன் துணியின் முன்னும் பின்னும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அடிப்பட்டை இடுக்கை முழுதாக அடைக்கும் வகையில் மேல் எல்லையை அமைக்கச் சொன்னால் பாதிப் பிரச்சினை தீரும்.

மாட்டி முடித்த நாளில் இன்னொரு வேலையும் செய்யுங்கள். செல்போனில் நேரத்தை ஓடவிட்டு, இறங்க எத்தனை நொடி, ஏற எத்தனை நொடி என்று எடுத்து, பெட்டியின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். இந்த ஏசி மோட்டார்களின் வேகம் சும்மா மாறாது. ஒரு வருடம் கழித்து ஏறுவதற்கு மட்டும் நாலைந்து நொடி கூடியிருந்தால், ஒன்று வோல்டேஜ் இறங்கியிருக்கிறது, இல்லையென்றால் துணி எங்கோ உரசுகிறது. பகலில் ஒரு முறை, மாலை ஏழு மணிக்கு ஒரு முறை அளந்து பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.